நாம் உண்டு பெறுவதைப் பங்கசு தானே ஆக்குகிறது: அமினோ அமிலமும் புதிய பங்கசு மருந்துகளும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். நொதியங்கள் (கலத்துக்குள் இரசாயன வேலைகளை முடுக்கிவிடும் புரதங்கள்) பாடத்தின்போது ஒருநாள் பங்கசு மருந்துகளைப் பற்றிப் பேசப்போய், அந்தப் பேச்சு வகுப்போடு நிற்கவில்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, வயல் செய்கிற தகப்பன்மாரும், மருந்துக்கடையில் நிற்கிற தம்பிமாரும், தாதியாக வேலை செய்கிற பழைய மாணவிகளும் கேள்வி அனுப்பத் தொடங்கினார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. இது விளக்கம் மட்டும்தான்; வருத்தத்துக்கு வைத்தியரிடம்தான் போக வேண்டும்.

பங்கசு என்றால் சேற்றுப்புண்ணும் தேமலும்தானே மிஸ்? அதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

சேற்றுப்புண்ணில் பங்கசுக்குப் பெரிய பங்கு உண்டு, உண்மைதான். மாரி தொடங்கி வயலுக்குள் தண்ணீர் நிற்கிற நாட்களில் படுவான்கரையில் எந்த வாடிக்குப் போனாலும் அதைப் பார்க்கலாம். என் அப்பாவின் காலில் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சுண்டு விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் தோல் ஊறி வெள்ளையாகி, நனைந்த கடதாசி போல உரிந்துவரும். அடியில் சிவந்து வெடித்திருக்கும். பின்னேரம் கால் கழுவி மஞ்சள் குழைத்துப் பூசிக்கொண்டு படுப்பார். விடிந்தால் திரும்பவும் சேற்றுக்குள் இறங்குவார். படர்தாமரை, தேமல், நகம் தடித்து மஞ்சளாவது, குழந்தையின் நாக்கில் வெள்ளை படிவது எல்லாம் பங்கசின் வேலைதான். இவை மனிதரை வதைக்கும், ஆனால் உயிரை எடுப்பது அரிது.

பங்கசு இரத்தத்துக்குள், சுவாசப்பைக்குள், மூளைக்குள் போகும்போது கதை வேறு. 2024இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 65 இலட்சம் பேருக்கு இப்படி உள்ளே ஊடுருவும் பங்கசுத் தொற்று வருகிறது. அவர்களில் சுமார் 38 இலட்சம் பேர் இறக்கிறார்கள். அந்த இறப்புகளில் 25 இலட்சம் அளவுக்குப் பங்கசே நேரடிக் காரணம். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர்கள், தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்காகக் கிடப்பவர்கள், எச்ஐவி உள்ளவர்கள், கட்டுப்படாத சீனி வருத்தம் உள்ளவர்கள்தான் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். 2021இல் இந்தியாவில் கொரோனாவோடு சேர்ந்து வந்த கறுப்புப் பங்கசை எல்லோரும் செய்தியில் பார்த்தோம். உலக சுகாதார நிறுவனம் 2022 ஒக்டோபரில் முதல் தடவையாக 19 பங்கசுகளைப் பட்டியலிட்டு, மருந்து ஆராய்ச்சியில் இவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்றது. அதில் ஆக ஆபத்தான வரிசையில் நான்கு: கிரிப்டோகொக்கஸ் நியோஃபோர்மன்ஸ், கன்டிடா ஓரிஸ், அஸ்பர்ஜிலஸ் ஃபியூமிகேட்டஸ், கன்டிடா அல்பிகன்ஸ்.

பக்டீரியாவுக்கு இத்தனை மருந்து இருக்கிறது. பங்கசுக்கு மட்டும் ஏன் இல்லை?

பங்கசு நமக்கு நெருங்கிய சொந்தம் என்பதால்தான். பக்டீரியாவின் கலம் நம் கலத்திலிருந்து மிகவும் வேறுபட்டது. அதை அடிக்க ஆயுதம் தேடுவது சுலபம். பங்கசின் கலத்தில் கரு இருக்கிறது, இழைமணி இருக்கிறது, புரதம் ஆக்கும் முறையும் ஏறக்குறைய நம்முடையதே. கூர்ப்பு வழியில் பார்த்தால் காளான் தாவரத்தை விட விலங்குக்குத்தான் கிட்ட. பங்கசைக் கொல்லும் பொருள் நம்மையும் தாக்குவது அதனால்தான்.

இப்போது வைத்தியசாலையில் இருப்பவற்றை விரல்விட்டு எண்ணலாம். அம்போதெரிசின் பி பங்கசின் கலமென்சவ்வில் உள்ள எர்கோஸ்டெரோல் என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொள்ளும். நம் மென்சவ்வில் இருக்கும் கொலஸ்டரோலும் அதே சாயல் என்பதால் காய்ச்சல், நடுக்கம், சிறுநீரகப் பாதிப்பு என்று பின்விளைவுகள் வரும். புளுக்கொனசோல் போன்ற அசோல் மருந்துகளும் தெர்பினபீனும் அந்த எர்கோஸ்டெரோலை ஆக்க விடாமல் தடுக்கின்றன. கஸ்போஃபன்ஜின் வகை கலச்சுவரைத் தாக்குகிறது. அது அமெரிக்காவில் 2001இல் வந்தது. இவற்றோடு ஃபுளூசைற்றோசின். பெரும்பாலான சிகிச்சை இவ்வளவுக்குள்தான் ஓடுகிறது. கடந்த பத்து ஆண்டுகளில் அமெரிக்கா, ஐரோப்பா, சீனா மூன்றிலும் சேர்த்து நான்கே நான்கு புதிய பங்கசு மருந்துகள்தான் அனுமதி பெற்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னது. அதை வாசித்த அன்று எனக்கு மனம் சரியில்லை.

சரி, இதில் அமினோ அமிலம் எங்கே வருகிறது?

சோற்றுக் கோப்பையிலிருந்து தொடங்குவோம். புரதத்தைக் கட்டும் சிறு துண்டுகள்தான் அமினோ அமிலங்கள். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் லைசின் நிறைய உண்டு, மெதியோனின் குறைவு. சோறும் பருப்பும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். சாப்பாட்டில் இவற்றைத் தேடவேண்டிய தேவை நமக்கு ஏன் வந்தது? நம் உடம்பால் அவற்றை ஆக்க முடியாது. புரதத்துக்குத் தேவையான 20 அமினோ அமிலங்களில் 9 அப்படிப்பட்டவை: லைசின், மெதியோனின், திரியோனின், திரிப்டோஃபன், ஃபீனைல்அலனின், லியூசின், ஐசோலியூசின், வேலின், ஹிஸ்டிடின். இவற்றை ஆக்கும் நொதியங்களை நம் முன்னோர் கூர்ப்பின் வழியில் எப்போதோ இழந்துவிட்டார்கள். உணவில் கிடைத்துக்கொண்டே இருந்ததால் இழப்பு தெரியவில்லை.

பங்கசு அவற்றை இழக்கவில்லை. மதுவமும் (ஈஸ்ட்) ஒரு பங்கசுதான். அதற்குச் சீனியும், கொஞ்சம் அமோனியம் உப்பும், சில கனியுப்பும் விற்றமினும் கொடுத்தால் போதும். இருபதையும் தானே ஆக்கிக்கொண்டு பெருகும். நாம் சாப்பிட்டுப் பெறுவதை அது தன் குசினியிலேயே சமைக்கிறது.

மருந்து தேடுகிறவர்களுக்கு இதுதான் ஆசை காட்டுகிற இடம். பங்கசிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒரு நொதியத்தை அடைத்தால், அது பட்டினி கிடக்கும்; நம்மிடம் அடைபட ஒன்றுமே இல்லை. ஃபுளூசைற்றோசின் இதே தர்க்கத்தில்தான் வேலை செய்கிறது. அதை நஞ்சாக மாற்றும் நொதியம் பங்கசிடம் உண்டு, மனிதக் கலத்திடம் இல்லை. ஆகவே வழி நடக்கக்கூடியது என்பதற்கு அத்தாட்சி கையில் இருக்கிறது.

எந்த நொதியங்களைக் குறிவைக்கிறார்கள்?

நிறைய. எல்லாவற்றையும் சொன்னால் பாடப்புத்தகமாகிவிடும். எனக்கு முக்கியமாகப் படுகிற மூன்று இடங்களை மட்டும் சொல்கிறேன்.

லைசின் முதலாவது. தாவரமும் பக்டீரியாவும் லைசினை ஒரு வழியால் ஆக்குகின்றன. பங்கசு அல்ஃபா அமினோஅடிபேற் வழி என்ற வேறொரு வழியால் ஆக்குகிறது. அந்த வழியின் முதற்பாதி நம்மிடம் இல்லவே இல்லை. ஆகப் பங்கசை மட்டும் தொடக்கூடிய தனித் தெரு இது.

அடுத்தது லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற கிளைவிட்ட மூன்று. இவை மூன்றுக்கும் பொதுவான ஒரு நொதியம் உண்டு: அசெற்றோஹைட்ரொக்சி அமில சிந்தேஸ். ஒரு பூட்டுப் போட்டால் மூன்று கதவும் மூடும். இதைப் பற்றிக் கீழே வயல் கேள்வியில் விரிவாக எழுதியிருக்கிறேன், ஏனென்றால் இது நம் ஊருக்குள்ளேயே வந்துவிட்ட விஷயம்.

மூன்றாவது, மெதியோனினும் திரியோனினும் பிறக்கிற வழி. இரண்டும் ஹோமோசெரின் என்ற ஒரே இடைப்பொருளிலிருந்து பிரிகின்றன. இங்கே ஒரு விசேஷம். கன்டிடாவில் ஹோமோசெரினுக்கு அடுத்த படியை அடைத்தால், திரியோனின் இல்லாமல் போவதோடு ஹோமோசெரின் தேங்கி அதுவே நஞ்சாகிறது. வாய்க்காலை மறித்தால் கீழ் வயல் காய்வது மட்டுமா, மேல் வயல் மூழ்கவும் செய்யும். அதே கதைதான். மெதியோனின் ஆக்கும் கடைசி நொதியம் நம்மிடமும் ஒன்று உண்டு, ஆனால் நம்முடையது விற்றமின் பி12 இல்லாமல் வேலை செய்யாது. பங்கசினுடையது பி12ஐத் தேடாத வேறு அமைப்பு. அந்த வேறுபாட்டைப் பிடிக்கலாம் என்று பார்க்கிறார்கள்.

நம் இரத்தத்தில் அமினோ அமிலம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? பங்கசு அதைக் குடித்துத் தப்பாதா?

அக்கரைப்பற்றிலிருந்து வகுப்புக்கு வருகிற ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. “அது சமைக்காட்டி நம்மடச் சோத்தத் தின்னும்தானே மிஸ்” என்றாள். இந்தத் துறை முழுவதும் முட்டி நிற்கிற கேள்வியும் அதுதான்.

பதில், பங்கசுக்குப் பங்கசு, அமிலத்துக்கு அமிலம், இடத்துக்கு இடம் மாறுகிறது. அஸ்பர்ஜிலஸில் லைசின் வழியை அழித்துவிட்டு எலிகளில் பார்த்தார்கள். மூக்கு வழியாகச் சுவாசப்பைக்குள் போன பங்கசு பலவீனப்பட்டது. அதையே நேராக இரத்தத்துக்குள் செலுத்தியபோது சாதாரணப் பங்கசைப் போலவே நோயை உண்டாக்கியது. இரத்தத்தில் கிடைத்த லைசின் அதற்குக் கைகொடுத்தது. ஆகவே இந்த வழியை அடைக்கும் மருந்து, தொற்றின் தொடக்கத்தில் உதவலாம், முற்றிய பிறகு கைவிடலாம்.

கிரிப்டோகொக்கஸில் வேறு மாதிரி. அதில் கிளைவிட்ட மூன்று அமிலங்களின் பொது நொதியத்தை நீக்கியபோது, 37 பாகை வெப்பத்தில், அதாவது நம் உடம்புச் சூட்டில், பங்கசு தாக்குப்பிடிக்கவில்லை. எலியிலும் நோயை உண்டாக்கவில்லை. இரத்தத்தில் வேலினும் லியூசினும் இருந்தும் அவற்றைத் தேவையான அளவுக்கு உள்ளே இழுக்க அதனால் முடியவில்லை. மெதியோனின் நொதியத்தை இழந்த கிரிப்டோகொக்கஸும் எலியில் தோற்றது. நம் இரத்தத்தில் மெதியோனின் மிகக் குறைவு, லீற்றருக்கு 20 முதல் 30 மைக்குரோமோல் அளவுதான். வேலின் அதைப்போல ஏழெட்டு மடங்கு இருக்கும். எந்த அமிலம் நம்மிடம் அரிதோ, எந்தப் பங்கசு வெளியிலிருந்து எடுப்பதில் மந்தமோ, அங்கே இந்த மருந்துகள் பலிக்க வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

இன்னொரு விஷயம். ஒரு அமினோ அமிலம் குறைந்ததும் பங்கசு சும்மா இருப்பதில்லை. ஜிசிஎன்4 என்ற கட்டுப்பாட்டுப் புரதம் விழித்து, குறைந்ததை மட்டுமல்லாமல் மற்ற அமிலங்களை ஆக்கும் ஜீன்களையும் சேர்த்து முடுக்கிவிடும். அஸ்பர்ஜிலஸில் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கினால் அதன் நோய் உண்டாக்கும் வலு குறைகிறது. ஆக, பட்டினி அறிவிக்கிற மணியையே கழற்றிவிடுவதும் ஒரு வழி.

வயலுக்கு அடிக்கிற களைநாசினியும் இதே வேலையைத்தான் செய்கிறது என்று வகுப்பில் சொன்னீர்களாம். உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

பெரும்போகத்தில் விதைத்து இரண்டு மூன்று கிழமையில் புல்லுக்கும் கோரைக்கும் அடிக்கிற மருந்துகளில் பிஸ்பைரிபக் சோடியம் ஒன்று. இங்கே அதைத் தெரியாத வயல்காரர் இருக்க மாட்டார். எங்கள் வட்டையில் அது அடித்த பிறகு களையை உற்றுப் பார்த்திருக்கிறேன். முந்திப் பாவித்த பரகுவாட் போல அன்றைக்கே கருக்குவதில்லை. மறுநாள் பார்த்தால் ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாகவே நிற்கும். அப்பாவும் “மருந்து பிடிக்கவில்லை” என்று ஒருமுறை கவலைப்பட்டார். ஆனால் புல் வளர்வதை நிறுத்தியிருக்கும். நாலைந்து நாளில் நடுக்குருத்து வெளிறும். குருத்தைப் பிடித்து இழுத்தால் இலேசாகக் கழன்று வரும். பழைய இலைகள் பச்சையாக நிற்க, புது இலை மட்டும் முதலில் சாகும். பிறகு மெதுவாக முழுச்செடியும் மஞ்சளாகிச் சாயும். இது எரிந்து சாவது அல்ல, பட்டினிச் சாவு. குருத்துக்குத்தான் புதுப் புரதம் வேண்டும். லியூசினும் வேலினும் ஐசோலியூசினும் இல்லாமல் அது எப்படி வளரும்?

பிஸ்பைரிபக் அடைப்பது மேலே சொன்ன அதே அசெற்றோஹைட்ரொக்சி அமில சிந்தேஸைத்தான். தாவரத்துக்கும் பங்கசுக்கும் பொதுவான நொதியம்; மனிதருக்கு இல்லை. இந்த நொதியத்தை அடைக்கும் சல்ஃபோனைல்யூரியாக் களைநாசினிகள் 1980களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தன. 1985இலேயே அந்த வகை மருந்தொன்று மதுவத்தின் வளர்ச்சியையும் நிறுத்துவதை வைத்து ஆய்வு செய்துவிட்டார்கள். பிறகு குளோரிமியூரோன் எதைல் என்ற களைநாசினி கன்டிடா அல்பிகன்ஸின் நொதியத்தை வலுவாக அடைக்கிறது என்று தெரிந்தது. 2018இல் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களின் ஆய்வு, களைநாசினிகள் பங்கசின் இந்த நொதியத்தில் எந்தப் பொந்துக்குள் போய் அமர்கின்றன என்பதைப் படிக அமைப்பாகவே காட்டியது. அவற்றை மருந்தாக மாற்றத் தொடங்குவதற்கு அது நல்ல அடித்தளம்.

கிளைஃபோசேற்றும் இந்த வரிசையில் சேரும். 2015இல் இலங்கை தடை செய்தது என்று எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது ஃபீனைல்அலனின், திரிப்டோஃபன் போன்றவை பிறக்கும் வழியை அடைக்கிறது. அந்த வழியும் பங்கசிடம் உண்டு, நம்மிடம் இல்லை. கிரிப்டோகொக்கஸ் கறுப்பு நிறமி ஆக்குவதைக் கிளைஃபோசேற் தடுத்து, தொற்றுள்ள எலிகளின் ஆயுளை நீட்டியது என்று 2001இல் ஒரு ஆய்வு வந்தது.

ஒரு சின்ன விலகல்: சல்ஃபோனைல்யூரியா என்ற பெயரைச் சீனி வருத்தக்காரர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கிளினிக்கில் கொடுக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் குளிசைகளும் அந்த இரசாயனக் குடும்பம்தான். அவை தொடுவது வேறு இடத்தை, கணையத்தின் இன்சுலின் கலங்களை. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவர் வயலிலும் ஒருவர் வைத்தியசாலையிலும் வேலை பார்ப்பது போல.

அப்போ களைநாசினியைக் கொஞ்சம் கரைத்துப் படர்தாமரைக்குப் பூசலாமா?

கூடாது. கேட்டவர் விளையாட்டாகக் கேட்கவில்லை, அதனால் விளையாட்டாகப் பதில் சொல்லவும் மாட்டேன். போத்தலில் இருப்பது அந்த ஒரு பொருள் மட்டும் அல்ல. இலையில் ஒட்டவும் ஊறவும் சேர்த்த கரைப்பான்களும் சவர்க்காரம் போன்ற பொருட்களும் உண்டு. அவை தோலை எரிக்கும், கண்ணைக் கெடுக்கும். நம்மிடம் அந்த நொதியம் இல்லை என்பதால் மருந்து வேறெங்கும் தாக்காது என்று அர்த்தமில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு மூலக்கூறு பங்கசை நிறுத்துவதற்கும், அது மனிதருக்குக் கொடுக்கும் மருந்தாவதற்கும் இடையில் பல வருட வேலை கிடக்கிறது.

இந்த வழியால் இதுவரை ஒரு மருந்தாவது வந்ததா?

அமினோ அமிலத்தை ஆக்கும் நொதியத்தை அடைத்து மனிதப் பாவனைக்கு வந்த பங்கசு மருந்து இன்னும் இல்லை. கிட்ட வந்தவை உண்டு.

ஜப்பானிய ஆய்வாளர்கள் மண்ணில் வாழும் ஸ்ரெப்டோமைசிஸ் என்ற பக்டீரியாவிலிருந்து ஆர்ஐ-331 என்ற பொருளை எடுத்தார்கள். அது ஹோமோசெரின் ஆகும் படியை அடைத்தது. கன்டிடா தொற்றிய எலிகளில் பலனும் கண்டார்கள். அங்கேயே நின்றுவிட்டது.

ஐகோஃபன்ஜிபென் இன்னும் சுவையான கதை. அது ஐசோலியூசின் வேடம் போட்ட மூலக்கூறு. கன்டிடா அதை உண்மையான அமினோ அமிலம் என்று நம்பி, தன் மென்சவ்வில் உள்ள வாயில்களால் தானே உள்ளே இழுத்துச் சேர்க்கும். வெளியில் இருப்பதைப் போல ஏறத்தாழ 200 மடங்கு உள்ளே குவியும். உள்ளே போனதும் ஐசோலியூசினைப் புரதத் தொழிற்சாலைக்கு ஏற்றிவிடும் நொதியத்தை அடைத்துவிடும். எச்ஐவி உள்ளவர்களின் வாய்க் கன்டிடாவுக்கு இரண்டாம் கட்டப் பரிசோதனை வரை போனது. மருந்தாக வரவில்லை.

வெற்றி பெற்ற ஒன்று தவபோரோல். போரோன் அணு உள்ள சின்ன மூலக்கூறு. பங்கசில் லியூசினை ஏற்றிவிடும் நொதியத்தை முடக்குகிறது. நகப் பங்கசுக்குப் பூசும் மருந்தாக அமெரிக்கா 2014 ஜூலையில் அனுமதித்தது. இது அமினோ அமிலத்தை ஆக்குவதைத் தடுக்கவில்லை, ஆக்கியதைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அதோடு, அந்த நொதியம் நம்மிடமும் உண்டு. பங்கசினுடையதில் மட்டும் அழுத்தமாகப் பிடிக்கும்படி மூலக்கூறை வடிவமைத்திருக்கிறார்கள். நான் இதை வகுப்பில் கட்டாயம் சொல்வேன். “நம்மிடம் இல்லாத நொதியம்தான் வேண்டும்” என்ற விதி நல்ல விதி, ஆனால் அதையே பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை.

பங்கசு இந்த மருந்துகளுக்கும் பழகிவிடாதா?

பழகும். எவ்வளவு சீக்கிரம் என்பதில் வயலுக்கும் பங்குண்டு. இதை எல்லோரும் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

அசோல் மருந்துகளில் நடந்ததைப் பாருங்கள். பயிரின் பங்கசு நோய்க்கு அடிக்கிற தெபுகொனசோலும், வைத்தியசாலையில் கொடுக்கும் அசோல்களும் அடைப்பது ஒரே நொதியத்தைத்தான். நெதர்லாந்தில், வாழ்க்கையில் ஒருநாளும் அசோல் குடிக்காத நோயாளிகளின் சுவாசப்பையில் அசோலுக்கு அடங்காத அஸ்பர்ஜிலஸ் கிடைத்தது. ஆராய்ந்தால், மண்ணிலும் அழுகிய தாவரக் கழிவிலும் விவசாய அசோலோடு பழகி வந்த பங்கசு அது. மருந்து நோயாளியைத் தொடுவதற்கு முன்பே எதிர்ப்பு பிறந்துவிட்டது. ஒலோரோஃபிம் என்ற புதிய பங்கசு மருந்து இன்னும் பரிசோதனையில் இருக்கும்போதே, அதே இலக்கைத் தாக்கும் இப்ஃபுளுஃபெனோகுயின் என்ற விவசாய மருந்து சந்தைக்கு வந்துவிட்டது. ஒன்றோடு பழகிய அஸ்பர்ஜிலஸ் மற்றதற்கும் அடங்காமல் போவதை ஆய்வுகூடத்தில் காட்டியிருக்கிறார்கள்.

இப்போது பிஸ்பைரிபக்கை யோசியுங்கள். நாற்பது வருடங்களாக உலகெங்கும் வயலில் இந்த நொதியத்தை அடைக்கும் மருந்துகள் விழுகின்றன. ஆக அதிகமான களை இனங்கள் எதிர்ப்புப் பெற்றிருப்பதும் இந்த வகைக்குத்தான். நொதியத்தில் ஒரு அமினோ அமிலம் மாறினாலே போதும், மருந்து உட்கார இடமில்லாமல் போகும். மதுவத்திலும் அதே மாதிரி மாற்றங்களை 1980களிலேயே கண்டார்கள். வயல் மண்ணில் வாழும் அஸ்பர்ஜிலஸின் மேலும் அந்த மருந்து விழுகிறது. ஆகவே இந்த இலக்குக்கு மனித மருந்து செய்கிறவர்கள், களைநாசினி அமரும் பொந்தை அப்படியே நம்பாமல், மாற்றமடைந்த நொதியத்தையும் பிடிக்கும் வடிவத்தைத் தொடக்கத்திலேயே தேட வேண்டும். தனியாகக் கொடுக்காமல் இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பதும் அவசியம். ஃபுளூசைற்றோசினைத் தனியே கொடுத்தால் எதிர்ப்பு சட்டென்று வருவதால்தான் கிரிப்டோகொக்கஸ் மூளைக்காய்ச்சலுக்கு அதை அம்போதெரிசினோடு சேர்க்கிறார்கள்.

வயல்காரரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. கூலிக்கு ஆள் கிடைக்காத காலத்தில் கையால் களை பிடுங்கு என்று யார் சொல்வது? ஆனால் போகத்துக்குப் போகம் ஒரே வகை மருந்தை அடிக்காமல் மாற்றி அடிப்பது களைக்கும் நல்லது, இதற்கும் நல்லது. விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் எது எந்த வகை என்று சொல்வார்.

புரதம் குறைவாகச் சாப்பிட்டால் பங்கசு பட்டினி கிடக்குமா?

கிடக்காது. உங்கள் உடம்பு இரத்தத்தின் அமினோ அமில அளவைத் தன் தசையை உருக்கியாவது காப்பாற்றும். நோய் எதிர்ப்புச் சக்திதான் குறையும். தயிரும் மீனும் பருப்பும் நன்றாகச் சாப்பிடுங்கள்.

பங்கசு அமினோ அமிலத்தை உடைக்கவும் செய்யுமாமே?

செய்யும். வெள்ளைக் குருதிக்கலம் கன்டிடாவை விழுங்கி, சீனி இல்லாத அமிலச் சிறைக்குள் அடைக்கிறது. கன்டிடா அங்கே அமினோ அமிலங்களையே எரிபொருளாக்கும். அவற்றின் நைதரசனை அமோனியாவாக வெளியே தள்ளும்போது சுற்றுப்புறத்தின் அமிலத்தன்மை குறையும். அமிலம் குறைந்தால் கன்டிடா உருண்டை வடிவத்திலிருந்து நீண்ட இழையாக மாறும். அந்த இழை வெள்ளைக் கலத்தைக் குத்திக்கொண்டு வெளியே வரும். சிறைக்குள் நடப்பது சரியாக இந்த வரிசையில்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. எப்படியோ, ஆக்குவதை மட்டும் பார்க்காமல் உடைப்பதையும் குறிவைக்கலாம் என்ற யோசனை இதிலிருந்துதான் வந்தது.

என் வாப்பாவுக்கு இடுப்பில் படர்தாமரை. மருந்துக்கடைக் கிறீம் பூசினால் குறைகிறது, விட்டால் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

அந்தக் கிறீம் உறையை எடுத்துப் பாருங்கள். குளோபெற்றாசோல், பெற்றாமெதசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அதில் ஸ்டெரொயிட் கலந்திருக்கிறது. அது கடியையும் சிவப்பையும் இரண்டு நாளில் அடக்கும். உள்ளே பங்கசு சௌகரியமாகப் பரவும். தெற்காசியாவில் இப்படியான கலவைக் கிறீம்கள் தாராளமாகப் புழங்கியதோடு சேர்ந்து, தெர்பினபீனுக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பங்கசு பெருகியது. 2020இல் அதற்கு டிரைக்கோஃபைற்றன் இன்டோடினியே என்று பெயர் வைத்தார்கள். பெயரிலேயே நம் பக்கத்து நாடு இருக்கிறது.

வாப்பாவை அரச வைத்தியசாலையின் தோல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பாவித்த கிறீமையும் கையில் கொண்டுபோங்கள். துவாயும் சாரமும் அவருக்குத் தனியாக இருக்கட்டும். துவைத்து நல்ல வெயிலில் காயவிடுங்கள். வீட்டில் வேறு யாருக்கும் கடி இருந்தால் அவர்களையும் சேர்த்துக் காட்டுங்கள், இல்லையென்றால் ஒருவருக்கு மாற இன்னொருவரிடமிருந்து திரும்ப வரும். தோல் பார்வைக்குச் சுத்தமான பிறகும் வைத்தியர் சொன்ன நாள் வரை மருந்தை நிறுத்த வேண்டாம்.

இதைப் படிக்க ஆசை மிஸ். எங்கே தொடங்குவது?

உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனவியலும். பிறகு வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் நம் வாசலிலேயே இருக்கின்றன. இந்த ஆராய்ச்சிக்கு முதல் படியில் ஆபத்தான பங்கசு ஒன்றும் வேண்டாம். அப்பத்துக்கு மாப் புளிக்க வைக்கிற மதுவம் போதும். உலகம் முழுக்க ஆய்வுகூடங்களில் பாவிக்கிற ஒரு மதுவ வகை உண்டு, பிவை4741 என்று பெயர். அதில் லியூசின் ஆக்கும் ஒரு ஜீனையும் ஹிஸ்டிடின் ஆக்கும் ஒரு ஜீனையும் வேண்டுமென்றே நீக்கியிருக்கிறார்கள். எல்லா அமினோ அமிலமும் அதற்குத் தேவையான மற்றவையும் கலந்த ஏகார் தட்டில் (நுண்ணுயிர் வளர்க்கக் கூழ் ஊற்றிய தட்டு) அதைக் கீறி வைத்தால் இரண்டு மூன்று நாளில் கீறிய வழியெல்லாம் வெண்ணெய் நிறத்தில் புள்ளி புள்ளியாக எழும்பி நிற்கும். லியூசினை மட்டும் விட்டுவிட்டு ஊற்றிய தட்டில், அதே கையால், அதே நாளில் கீறியது வெறும் கீறலாகவே இருக்கும்.